மீசை வைத்த பூசணிக்காய்

என் இடது முழங்காலில் இருக்கும் தழும்பைப் பற்றிப் போன வாரம் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அது எப்படி வந்தது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். சொல்லிவிடுகிறேன். அது ஒரு பூசணிக்காய் கொடுத்தது. அந்தப் பூசணிக்காய்க்கு மீசை வைத்தது நான்.

விஜயதசமி காலை. தண்ணி டேங்க் நாற்சந்தியின் நட்டநடுவில் ஒருக்களித்துக் கிடந்தேன். என் மொபெட் கொஞ்சம் தள்ளிப் படுத்திருந்தது. அதன் பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழ வாசனை, எரிந்த சூடத்தின் வாசனை, உடைந்த பூசணிக்காயின் பச்சைத் தண்ணீர் வாசனை. என் வெள்ளைச் சுடிதார் இடுப்பிலிருந்து கால்வரை சிவப்பாக இருந்தது.

"ஐயோ, பொண்ணுக்கு எவ்ளோ ரத்தம் போய்க்கினு கீது பாரு" என்றது ஒரு குரல்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். குங்குமம்.

"ரத்தம் இல்லங்க, குங்குமம்" என்று கிடந்தபடியே சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் ஒரு மணல் லாரி, அதன் பின்னால் கடற்கரைக்குக் கிளம்பிய கார்கள். எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தேன். உள்ளங்கைக்குக் கீழே ஒரு பூசணித் துண்டு வழுக்கியது. எடுத்துப் பார்த்தேன். அதில் கறுப்பு மார்க்கரால் வளைத்து விட்ட பாதி மீசை. என் கைவேலை.

அந்த மீசை அங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்ல, நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாலு பக்கமும் வளர்ந்த ஊர்

அடையாறு தாண்டி, திருவான்மியூர் தாண்டி, பாலவாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் நாற்சந்தி. கடலோர ரோடும், கால்வாய்ப் பக்கமிருந்து கடலுக்குப் போகிற ரோடும் அங்கே ஒன்றை ஒன்று வெட்டும். மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி உயரமாக நிற்கும். அதனால் தண்ணி டேங்க்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அங்கே ரோட்டைக் கடக்கிற யாரும் இரண்டு பக்கமும் பார்த்ததில்லை. பார்க்க ஒன்றும் வராது. அந்த வெறும் ரோட்டின் மேல் எனக்கு ஏக்கமெல்லாம் கிடையாது. தெருவிளக்கு இருக்காது. ஒரு நல்ல பேனா வேண்டுமென்றால் அடையாறு போக வேண்டும்.

பிறகு அடுக்குமாடி வீடுகள் வந்தன. அவற்றுக்குப் பின்னாலேயே பேக்கரி, மருந்துக்கடை, எஸ்.டி.டி. பூத், கிரில் கேட் செய்கிற பட்டறை, ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் வந்தன. ரோடு மட்டும் பழைய ரோடாகவே இருந்தது. காலையில் பள்ளி வேன் வலது பக்கம் திரும்பப் பார்க்கும், செங்கல் லாரி நேராகப் போகப் பார்க்கும், பஸ் எந்தப் பக்கம் போவது என்பதை நடுவில் வந்து நின்ற பிறகுதான் யோசிக்கும். ஒரு போக்குவரத்துக் காவலர் கொஞ்ச நேரம் விசில் ஊதுவார். அப்புறம் எங்கள் அம்மா கடைக்கு வந்து உட்கார்ந்து, "என்னால ஆவலம்மா, ரெண்டு இட்லி குடு" என்பார்.

அம்மாவின் இட்லிக் கடை தொட்டியின் நிழலில் இருந்தது. வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அண்டாவும் பாத்திரமுமாக அவள் அந்தச் சந்தியைக் கடப்பாள். அதற்கு அவளிடம் ஒரு கை இருந்தது. போலீஸ்காரர் கை மாதிரி மேலே தூக்கமாட்டாள். இடுப்புக்குக் கீழே, உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வைத்து, குழந்தையிடம் இரு இரு என்பது போல அசைத்துக்கொண்டே போவாள். எந்த வண்டியையும் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

"பாக்காம போறியே, ஏத்திட்டான்னா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பாத்தா அவன் வந்துடுவான். நீ பாக்கலைன்னு வச்சிக்க, அப்ப அவன்தான் பாத்தாவணும்."

லாரிகள் நின்றன. பஸ்கள் நின்றன. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செருப்பைக் கழற்றுகிற வேலை

எங்கள் வீட்டில் படிக்கிறதுக்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனாவும் போயிருக்கிறார், செங்கல் இறக்க. அவர் ஓட்டுவது மீன்பாடி வண்டி. பழைய மோட்டார் எஞ்சினை மூன்று சக்கரப் பலகை வண்டியில் பூட்டினால் அதுதான் மீன்பாடி வண்டி. பெயரில்தான் மீன். அவர் ஏற்றுவது மணலும் செங்கல்லும்.

நான் பட்டம் வாங்கினேன், பிறகு கம்ப்யூட்டர் படித்தேன், பிறகு அடையாறில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். ஏ.சி. அறை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"கோயிலாடி அது?" என்றாள் அம்மா.

"கம்ப்யூட்டருக்குத் தூசி ஆவாதும்மா."

"நம்ப வூட்லயும் ஒருத்திக்குத் தூசி ஆவாம இருக்குது பாரு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாவாட்டப் போனாள். அதில் பெருமை இருந்தது. எனக்கும் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

வேலையில் எனக்கு ஒரே ஒரு தகராறுதான், எங்கள் நாற்சந்தி. பஸ் அங்கே வந்து சிக்கிக்கொள்ளும். தொட்டி நிழலில் நான் நிற்பேன். பஸ் எதிரே கண்ணுக்குத் தெரியும், ஆனால் வந்து சேராது. என் மாணவர்கள் மூடின கதவின் முன்னால், கழற்றின செருப்புகளோடு நிற்பார்கள். அறைச் சாவி என்னிடம்தானே.

எங்கள் மேலாளர் நல்லவர். பெரிய மீசைக்காரர். இரண்டு முனையும் மேலே ஏறி நிற்கும். அவர் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "விஜயதசமிக்குப் புது பேட்ச் ஆரம்பிக்கிறோம். காலை பேட்ச். நீங்க எடுத்தா நல்லா இருக்கும். ஆனா அன்னிக்கும் லேட்டா வந்தா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். காலை பேட்ச் இல்லைன்னா உங்களை வச்சுக்கறதே எனக்குக் கஷ்டம்."

பஸ்ஸை நம்பி இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆட்டோ ஸ்டாண்டில் டில்லி அண்ணன் இருந்தார். அவருடைய மச்சானின் பழைய மொபெட் ஒன்று விலைக்கு வந்தது. வாங்கினேன். எங்கள் தெருவில் மோட்டார் வண்டி ஓட்டிய முதல் பெண்ணும் நான்தான்.

நைனா சம்மதிக்க ஒரு வாரம் ஆனது. சம்மதித்தபோது ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு வாட்டி வுழுந்த, சாவி என் கைக்கு வந்துடணும். அப்பால அழுவக் கூடாது, ஆர்ப்பாட்டம் பண்ணக் கூடாது."

"சரி நைனா" என்றேன். விழுகிற எண்ணமே எனக்கு இல்லை.

திஷ்டி எந்தப் பக்கம் போகும்

ஆயுத பூஜை அன்று மீன்பாடி வண்டியைக் கழுவி வாழைக்கன்று கட்டினோம். பக்கத்தில் என் மொபெட். இரண்டுக்கும் ஒரே மாதிரி சந்தனப் பொட்டு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். நைனா இரண்டு பூசணிக்காய் வாங்கி வந்திருந்தார், ஒன்று அவர் வண்டிக்கு, ஒன்று என் வண்டிக்கு.

என் காயைத் துணியால் துடைத்து, மேலே இருந்த சாம்பலைப் போக்கி, என் மடியில் வைத்தார். "மூஞ்சி போடு. படிச்ச கை, நீ போட்டா அளவா வரும்."

ஃப்ளாப்பி மேல் பெயர் எழுதுகிற மார்க்கர் என் பையில் இருந்தது. உருட்டு விழி போட்டேன், பல் போட்டேன். மீசை போடும்போது எங்கள் மேலாளரின் மீசை ஞாபகத்துக்கு வந்தது. அதையே போட்டேன். இரண்டு முனையும் மேலே ஏறின, நல்ல பெரிய மீசை.

"வாசல்லயே உடைச்சிடலாமே நைனா" என்று கேட்டேன்.

"வாசல்ல உடைச்சா திஷ்டி திரும்ப உள்ள வந்துடும். நாலு ரோட்ல உடைக்கணும். எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம அங்கயே சுத்திக்கினு கெடக்கும்."

எங்கள் நாற்சந்தியில் பஸ்ஸும் லாரியும் கூட அப்படித்தான் கிடக்கின்றன என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல நாள் என்று விட்டுவிட்டேன்.

நைனா காயின் தலையில் துளை போட்டு, உள்ளே குங்குமம் நிறைத்து, சூடம் ஏற்றி, என் மொபெட்டைச் சுற்றிவிட்டு, சந்தியின் நடுவில் ஓங்கி அடித்தார். பக்கத்தில் டில்லி அண்ணனும் ஸ்டாண்டு ஆட்களும் அவரவர் காயை உடைத்தார்கள். அப்புறம் பேக்கரிக்காரர், மருந்துக்கடைக்காரர், கிரில் பட்டறை, அடுக்குமாடி வீட்டுக் கார்கள். ஊரே தன் திஷ்டியைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் போட்டது. பொழுது சாயும்போது தார் ரோடு கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளையும் சிவப்புமாக ஒரு கம்பளம். ராத்திரி கொஞ்சம் தூறல் வேறு.

"சாவி"

இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மறுநாள் காலை புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, அறைச் சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நேரத்தோடு கிளம்பினேன். விடுமுறை என்பதால் காவலர் வரவில்லை. விடுமுறை என்பதாலேயே கார்கள் அதிகம். சந்தியின் நடுவில், ஒரு பஸ்ஸுக்கு வழி விடலாம் என்று பிரேக் பிடித்தேன். மேலே சொன்ன இடத்தில் போய்க் கிடந்தேன்.

நைனா அப்போது மணல் ஏற்றிய வண்டியோடு ஸ்டாண்டு ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். யாரோ போய், உன் பொண்ணு ரத்த வெள்ளத்தில் கிடக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பின்னாலேயே அம்மா, கையில் கரண்டியோடு.

"அமுலு, எங்கடி அடி?"

"முட்டி மட்டுந்தான் நைனா. இது குங்குமம்."

அவரும் விரலால் தொட்டுப் பார்த்தார். முகம் தெளிந்தது. உடனே இறுகியது. கையை நீட்டினார்.

"சாவி."

"வுடு மாமா, புள்ள இப்பதான் எந்திரிக்குது" என்றபடி டில்லி அண்ணன் மொபெட்டை நிமிர்த்தி ஓரமாகத் தள்ளினார்.

"பேச்சுன்னா பேச்சு. வுழுந்தா சாவின்னு சொன்னேன், சரின்னு சொன்னா."

முட்டி எரிந்தது. அதைவிட, மூடின கதவின் முன்னால் புது மாணவர்கள் நிற்பது கண்ணுக்குள் வந்தது. மொபெட் போனால் பஸ். பஸ் என்றால் இன்றைக்கு லேட். லேட் என்றால் பேட்ச் இல்லை, வேலை இல்லை. நான் பூசணித் துண்டைத் தூக்கிக் காட்டினேன்.

"இத பாரு நைனா. மீச தெரியுதா? நம்ப காய். நீ உடைச்சது. இதுலதான் வழுக்கிச்சு."

வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஆமா, நம்பளுதுதான்." துண்டால் என் முட்டியைக் காட்டினார். "அதாலதான் முட்டியோட போச்சு. உடைக்காம இருந்தா இன்னா ஆயிருக்கும்?"

கூட்டம் தலையாட்டியது. டில்லி அண்ணன்கூட, "அதுவும் கரெக்ட்டுதான்" என்றார். கல்லூரியில் நான் பட்டிமன்றம் பேசிக் கோப்பை வாங்கியவள். ஆனால் அந்தப் பதிலை எந்தக் கல்லூரியில் படித்தாலும் உடைக்க முடியாது. உடைக்க முடியாததன் மேல் ஏறிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"அப்ப திஷ்டி போயிடுச்சா நைனா?"

"போயிடுச்சு."

"முழுசா?"

"முழுசா போயிடுச்சு. முட்டி ரத்தம் வேற குடுத்துட்ட, இன்னும் இன்னா வேணும் அதுக்கு?"

"அப்ப இனிமே இந்த வண்டிக்கு ஒண்ணும் வராது. அப்பறம் எதுக்கு சாவி?"

முதலில் சிரித்தது அம்மாதான். கரண்டியால் நைனாவின் தோளைத் தட்டி, "மடக்கிட்டாய்யா உன்ன" என்றாள். நைனா பூசணித் துண்டை இன்னொரு முறை திருப்பினார். என்னையும் அதிலிருந்த மீசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் ஒரு ஸ்கூட்டர் வந்துவிட்டது.

முதல் நடை மணல்

ஸ்கூட்டரில் வேட்டி கட்டிய ஒருவர், பின்னால் பட்டுப்புடவையில் அவர் மனைவி, அவர் மடியில் பூஜைக் கூடை. கூட்டத்தைச் சுற்றிப் போகப் பார்த்தார்கள். வண்டி வாலை ஆட்டி, வழுக்கி, எங்கள் பக்கமே சாய்ந்தது. டில்லி அண்ணன் பாய்ந்து பிடித்தார். அந்த அம்மா எப்படியோ குதித்து நின்றுவிட்டார். கூடையிலிருந்த தேங்காய் மட்டும் பஸ்ஸுக்கு அடியில் உருண்டு போனது.

"நைனா, மணலக் கொட்டு" என்றேன்.

"அது பூமி பூஜைக்குப் போற மணலுடி. மொத நடை. மயிலாப்பூர் சாரு வூடு கட்டறாரு, அவருக்கு..." என்றவர், ஸ்கூட்டர்க்காரரைப் பார்த்து நிறுத்தினார். "சார், நீங்களா?"

அவரேதான். வேட்டியில் ஒட்டிய பூசணி விதைகளைத் தட்டிவிட்டுக்கொண்டே, "அது எங்க மணலாப்பா?" என்றார்.

"ஆமா சார்."

"கொட்டு. இவ இங்க விழுந்திருந்தா வீடு யாருக்குக் கட்டறது?"

அவர் மனைவி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "சீக்கிரம் கொட்டச் சொல்லுங்கோ. பின்னாலே இன்னும் நாலு பேர் வந்துண்டு இருக்கா."

மணலைக் கொட்ட வண்டி நடுவுக்கு வர வேண்டும். வண்டி வர வேண்டுமென்றால் நான்கு பக்கமும் நிற்க வேண்டும். வண்டிகள் ஹாரன் அடித்தபடியே முன்னால் நகர்ந்துகொண்டிருந்தன. நான் போய் நடுவில் நின்றேன். போலீஸ்காரர் கை எனக்கு வராது. இடுப்புக்குக் கீழே, உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வைத்து, இரு இரு என்று அசைத்தேன். யாரையும் பார்க்கவில்லை.

"இன்னாமா, நீ இன்னா டிராஃபிக்கா?" என்றார் பஸ் டிரைவர் மேலேயிருந்து.

"ஆமா. நில்லு."

நின்றார். உடம்பு முழுக்கச் சிவப்பாக ஒரு பெண் ரோட்டின் நடுவில் நின்று, தன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை ஆட்டினால் யாராக இருந்தாலும் நிற்பார்கள். லாரி நின்றது. கார்கள் நின்றன. எதிர்ப்பக்கத்தில் அம்மா கரண்டிக் கையால் அதையே செய்துகொண்டிருந்தாள்.

நைனா வண்டியைக் கொண்டுவந்து பலகையைச் சாய்த்தார். டில்லி அண்ணனும் ஸ்டாண்டு ஆட்களும் மண்வெட்டியாலும் காலாலும் மணலைப் பரப்பினார்கள். பூசணியும் குங்குமமும் மெல்ல மறைந்தன. நைனா தன் குதிகாலால் அங்கங்கே மிதித்து, தேய்த்துப் பார்த்தார். வழுக்கவில்லை.

பிறகு ஓரமாகப் போய் என் மொபெட்டை எடுத்தார். தள்ளிக்கொண்டே மணலின் மேல் நடந்து வந்தார். சந்தியைக் கடந்து, அடையாறு பக்கம் பார்த்து நிறுத்தி, ஸ்டாண்டு போட்டார். சாவி அதிலேயே தொங்கியது. அவர் அதைத் தொடவில்லை.

"நேரமாச்சு பாரு" என்றார்.

வலது கை

மையத்தின் வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. மாணவர்கள் இப்போதுதான் வந்தோம் என்றார்கள். மேலாளர் என் சுடிதாரையும் முட்டியையும் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"பூஜை சார்" என்றேன். அவர் மீசையைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க உள்ளே ஓடிவிட்டேன்.

அன்று என் பேட்சில் ஒவ்வொருவரும் வலது கையின் ஒரு விரலால் தங்கள் பெயரின் முதல் எழுத்தைத் தேடித் தேடி அழுத்தினார்கள். திரையில் எழுத்து வந்ததும் ஒரு பெண் கையைக் கூப்பினாள். முட்டி எரிந்துகொண்டே இருந்தது, மனசு நன்றாக இருந்தது. காலை பேட்ச் என்னிடமே இருந்தது.

மறு வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாளே நைனா ஒரு நடை மணலைக் கொண்டுபோய், தொட்டியின் அடியில், வண்டி வராத மூலையில் கொட்டி வைத்தார். டில்லி அண்ணன், "இன்னா மாமா, நடு ரோட்ல உடைக்கலைன்னா திஷ்டி போவுமா?" என்று கேட்டார்.

"இதுவும் நாலு ரோடுதான். மணல் மேல உடைச்சா திஷ்டி மண்ணோட மண்ணா போயிடும். பெருக்கித் தள்ளிடலாம். உனக்கு இன்னா தெரியும்?" என்றார் நைனா, பிறந்ததிலிருந்து அப்படியே செய்து வருகிறவர் போல. பேக்கரிக்காரரும் பட்டறைக்காரரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மெல்ல அவரவர் காயோடு அந்த மூலைக்கு நகர்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில், துடைத்த பூசணிக்காயை என் மடியில் வைத்தார்.

"மூஞ்சி போடு. மீசைய மட்டும் சின்னதா போடு அமுலு. போன வாட்டி பெருசா போட்ட, அதான் வழுக்கிடுச்சு."

நான் மார்க்கரின் மூடியைத் திறந்தேன். பெரிதாகத்தான் போட்டேன்.